ரெண்டும் நல்ல ரேம்தான்

சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். அதற்காகக் கோடையிலேயே டிசைன் வேலை சூடுபிடித்துவிடும். ஒரு முருகன் படத்தைப் பெரிய அளவில், லேயர் மேல் லேயராக வைத்து ஃபோட்டோஷாப்பில் திறந்தால் பழைய கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும். உடனே அச்சக முதலாளிகளுக்கு ரேம் ஞாபகம் வரும். வைகாசி, ஆனி மாதங்களில் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: “தம்பி, ரேம் வாங்கி மாட்டினோம். டிஸ்ப்ளே வரல.”

அடுத்த வாக்கியமும் பழக்கமானதுதான். “மெட்ராஸ்காரன் டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டான்.”

அவசரப்பட்டு ‘ஆமாம்’ என்று சொல்லிவிட மாட்டேன். புது ரேம் செத்துப் பிறப்பது உண்டுதான், ஆனால் அது அபூர்வம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை வேறு ரகம். வந்த ரேமில் குறை இருக்காது, இருந்த போர்டிலும் குறை இருக்காது. சரியாக உட்காராமல் இருக்கும், அல்லது உட்கார்ந்தும் ஒத்துப்போகாமல் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் என் தொழிலின் பாதி கழிந்திருக்கிறது.

நான் வேலை கற்றது சென்னை ரிச்சி தெருவில், தொண்ணூறுகளின் கடைசியில். மவுண்ட் ரோட்டிலிருந்து நரசிங்கபுரம் பக்கம் திரும்பினால் ஆரம்பிக்கும் அந்தச் சந்துகளில், மேசை அகலமே உள்ள கடைகளில் உலகத்து மதர்போர்டெல்லாம் கிடக்கும். நான் இருந்த கடையின் அண்ணன், கஸ்டமர் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேட மாட்டார். “மாட்டறதுக்கு முன்னாடி ஓடுச்சா? மாட்டும்போது வேற எதத் தொட்டீங்க?” என்று கேட்பார். இந்த இரண்டு கேள்விக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தால் கேபினெட்டைத் திறக்காமலேயே என்ன கோளாறு என்று ஊகித்துவிடுவார். நானும் இன்றுவரை போனில் இதைத்தான் முதலில் கேட்கிறேன்.

பிறகு சொல்வது, புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் பழைய இடத்திலேயே மாட்டுங்கள் என்று. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால் பயமில்லை. பழைய ரேமோடும் எழவில்லையென்றால், ரேம் மாட்டும் சாக்கில் வேறெதையோ அசைத்திருக்கிறார்கள். கேபினெட்டைப் படுக்கப் போடும்போது கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து லேசாக மேலே வந்திருக்கும். புராசசருக்குப் போகும் பவர் கேபிளின் முனை பாதி கழன்றிருக்கும். மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருப்பார்கள். இந்தக் கடைசியானதுக்காகவே நான் திருத்தங்கல் வரை பைக்கில் போய் வந்ததுண்டு. அதற்கு சர்வீஸ் சார்ஜ் கேட்கவும் கூச்சமாக இருக்கும், கேட்காமல் விடவும் மனசு வராது.

ரேமை அழுத்தி மாட்டுவதில் நம் ஆட்களுக்கு ஒரு பயம். உடைந்துவிடுமோ என்று மெல்ல வைப்பார்கள். ஸ்லாட் கேட்கும் அழுத்தம் நாம் நினைப்பதைவிட அதிகம். இரண்டு ஓரமும் சமமாக இறங்கி, ஓரத்திலுள்ள கொக்கி ‘டக்’கென்று தானே மூடிக்கொள்ள வேண்டும். கொக்கியை நாம் விரலால் மூடினோம் என்றால் ரேம் உட்காரவில்லை என்று அர்த்தம். இப்போது வரும் பல போர்டுகளில் ஒரு பக்கம்தான் கொக்கி. மறுபக்கம், கிராபிக்ஸ் கார்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்க, அசையாமல் நிற்கும். கொக்கிப் பக்கம் சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். மறுபக்கம் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டிருக்கும்.

சிவகாசிக்கென்று தனிப்பட்ட ஒரு எதிரி உண்டு. ஆஃப்செட் மிஷினில் ஒரு தாளின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமலிருக்க மெல்லிய பவுடர் தூவுவார்கள். அது காற்றில் மிதந்து, காகிதத் தூசியோடு சேர்ந்து, பக்கத்து அறையிலிருக்கும் டிசைனரின் கேபினெட்டுக்குள் ஃபேன் வழியாகப் போய்ப் படியும். காலியாகக் கிடக்கும் ஸ்லாட்டுதான் அதற்கு வசதியான இடம். வருடக்கணக்கில் வெறுமனே இருந்த ஸ்லாட்டில் புது ரேமைச் செருகும்போது அந்தப் பவுடரை அடியில் தள்ளி அழுத்திவிடுகிறோம். அப்புறம் எப்படி டிஸ்ப்ளே வரும்? ஆகவே அச்சகத்துக்குப் போனால் முதலில் பிளோயரும் மெல்லிய பிரஷும், பிறகுதான் ரேம்.

பழைய ரேமின் பொன்னிறக் கால்கள் மங்கியிருந்தால் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரே போதும். மெதுவாக, கால்களின் நீளவாக்கில் வெளிப்பக்கமாகத் தேய்த்து, துகளைப் பிரஷால் தட்டிவிட வேண்டும். சிலர் உப்புத்தாள் போடுகிறார்கள், பிளேடால் சுரண்டுகிறார்கள். அந்தத் தங்க முலாம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. சுரண்டினால் அன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்காலத்தில் அடியிலுள்ள செம்பு பச்சை பூத்து நிற்கும்.

இந்த ஊர் வறண்ட பூமி. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் இங்கே வேர்விட்டதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். அதே வறட்சியில்தான் உடம்பில் நிலைமின்சாரமும் ஏறும். என் சித்தப்பா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். நைலான் சட்டை போட்டுக்கொண்டு போனால் உள்ளே விடமாட்டார்கள், பருத்திதான். மருந்து அறை வாசலில் எர்த் கொடுத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஸ்டாட்டிக் பற்றி ரிச்சி தெருவில் எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. சித்தப்பா சொன்னதைத்தான் கேபினெட்டுக்கும் பொருத்திக்கொண்டேன். பெயின்ட் அடிக்காத இரும்பைத் தொட்ட பிறகே ரேமை எடுப்பேன், அதுவும் ஓரத்தைப் பிடித்து. இன்னொன்று, ஷட் டவுன் செய்தால் மட்டும் போதாது. ஒயர் சுவரில் இருக்கும்வரை போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, மிச்சத்தையும் வடிய விட வேண்டும்.

என் பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்பீக்கர் கிடக்கும். முன்பெல்லாம் கேபினெட்டோடு வந்தது. இப்போது காசை மிச்சம் பிடிக்க அதை நிறுத்திவிட்டார்கள், அதனால் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. போர்டில் ஸ்பீக்கருக்கென்று உள்ள பின்னில் அதை மாட்டினால் மானிட்டர் இருட்டாக இருந்தாலும் போர்டு பேசும். ஏ.எம்.ஐ. பயாஸ் மூன்று முறை குட்டையாகக் கத்தினால் ரேமின் முதல் 64 கே.பி.யிலேயே தடுமாறுகிறது. அவார்டு பயாஸ் நீளமாக விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே இருந்தால் அதற்கு ரேமே தென்படவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்த சோதனை, எல்லா ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்வது. பக்கத்தில் நிற்பவர்கள் பதறுவார்கள். போர்டு கத்தினால் நான் சிரிப்பேன். புராசசர் உயிரோடு இருக்கிறது, பயாஸ் ஓடுகிறது, ரேம் இல்லையே என்று தேடுகிறது. கோளாறு ரேமிலோ ஸ்லாட்டிலோதான். ரேமே இல்லாமலும் மௌனமாக இருந்தால்தான் கவலை. அப்போது எஸ்.எம்.பி.எஸ்., போர்டு என்று தேடல் வேறு பக்கம் போக வேண்டும். இப்போதைய நல்ல போர்டுகளில் ஸ்பீக்கருக்குப் பதில் நான்கு குட்டி விளக்குகள் வைத்திருக்கிறார்கள். டிராம் என்று எழுதிய விளக்கு அணையாமல் நின்றால் அதுவும் அதே கத்தல்தான்.

ஒத்துப்போகாத கதைகளுக்கு வருகிறேன். தலைமுறை மாறியது கண்ணுக்கே தெரியும். பழைய எஸ்.டி.ரேமுக்கு 168 கால், இரண்டு வெட்டு. டி.டி.ஆருக்கு 184 கால், ஒரு வெட்டு. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 கால், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288, அங்கும் அப்படியே. வெட்டை மாற்றி வைத்ததற்குக் காரணம் மின்னழுத்தம். 3.3 வோல்ட்டில் தொடங்கியது 2.5, 1.8, 1.5, 1.2 என்று இறங்கி இப்போது 1.1-க்கு வந்திருக்கிறது. போகாத ஸ்லாட்டில் பலத்தைக் காட்டி இறக்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கடைக்கு வரும்போது வாசனையும் கூடவே வரும்.

கண்ணுக்குத் தெரியாத பேதம்தான் ஆளைக் கொல்லும். ஜி41 சிப்செட் வைத்த போர்டுகள் ஒரு காலத்தில் நம் ஊரில் விலை மலிவாகக் கிடைத்ததால் டி.டி.பி. கடைக்குக் கடை அதுதான். காலண்டர் வேலை எடுக்கும் ஒரு அண்ணாச்சி அதில் போட 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். வெட்டு சரி, வேகம் சரி, வோல்ட்டேஜ் சரி. டிஸ்ப்ளே வரவில்லை. திருப்பி அனுப்பினார். அந்தக் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, ஓடுகிற வீடியோவையும் எடுத்து, அதே ரேமைத் திரும்ப பார்சலில் போட்டுவிட்டார். இரண்டு பக்கமும் வாய்ச்சண்டை முற்றி, ஒருவரை ஒருவர் திருடன் என்று சொல்லாத குறை. அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ரேமைக் கையில் வாங்கிச் சிப்பை எண்ணினேன். ஒரு பக்கம்தான் சிப் இருந்தது, எட்டு. 4 ஜி.பி. என்றால் 32 ஜிகாபிட். எட்டுச் சிப்பில் பிரித்தால் சிப்புக்கு 4 ஜிகாபிட் வரும். ஜி41-க்கு ஒரு சிப்பில் 2 ஜிகாபிட் வரைதான் கணக்கு வைக்கத் தெரியும். அதே 4 ஜி.பி.யை இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப்பில் பிரித்துச் செய்த ரேம் என்றால் ஓடிவிடும். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே வேகம்.

“இந்த ரேமும் நல்லதுதான் அண்ணாச்சி, உங்க போர்டும் நல்லதுதான். ரெண்டும் சேராது.”

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “பொண்ணும் நல்ல பொண்ணு, மாப்பிள்ளையும் நல்ல மாப்பிள்ளை, ஜாதகம் பொருந்தலைங்கிற. அதுக்கு இவ்வளவு பார்சல் செலவா?”

பதினாறு சிப் ரேம் அதற்குள் புதிதாக வருவது குறைந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கழற்றியதைத் தேடிப் பிடித்துப் போட்டேன், முதல் முறையிலேயே எழுந்தது. அதற்கு முந்தைய டி.டி.ஆர்.2 காலத்திலும் இப்படியொன்று உண்டு. ஏ.எம்.டி. போர்டுக்கு மட்டும் என்று போட்டு மலிவாக விற்ற 4 ஜி.பி. ரேம்கள் இன்டெல் போர்டில் எழவே எழாது. விலையைப் பார்த்து வாங்கியவர்களுக்குச் சின்ன எழுத்தில் போட்டிருந்தது கண்ணில் படவில்லை.

மாணவர்களிடமிருந்து வந்த தலைவலி வேறு. தமிழக அரசு 2011-இல் இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த பிறகு, கல்லூரிக்குப் போன பிள்ளைகள் அதில் ரேம் கூட்ட வேண்டும் என்று கடைக்கு வர ஆரம்பித்தார்கள். லேப்டாப் டி.டி.ஆர்.3 இரண்டு வகை. 1.5 வோல்ட் ஒன்று, எல் என்ற எழுத்து சேர்ந்த 1.35 வோல்ட் இன்னொன்று. இரண்டுக்கும் 204 கால், வெட்டும் ஒரே இடத்தில். கொக்கி அழகாக மூடும். 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 1.5-ஐப் போட்டால் பவர் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் இருட்டு. லேபிளில் பி.சி.3 என்றிருக்கிறதா பி.சி.3எல் என்றிருக்கிறதா என்று பார்த்தாலே தீர்ந்தது. இதற்காக லேப்டாப்பையே பிரித்து போர்டு போய்விட்டது என்று சொன்ன கடைகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் அப்பா பாலிஷ் பட்டறையிலோ பேப்பர் கட்டிங்கிலோ கூலிக்கு நிற்பவராக இருப்பார். கோபம் வராதா?

ஓடிவிட்டுப் பிறகு விழுவது தனி வகை. கம்ப்யூட்டர் எழும், விண்டோஸ் வரும், பெரிய ஃபைலைத் திறந்ததும் நீலத் திரை. மெமரி மேனேஜ்மென்ட் என்றோ பேஜ் ஃபால்ட் என்றோ எழுதிவிட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து வரும். சில சமயம் விழாமலே கெடுதல் செய்யும். ஒரு லேபிள் அச்சகத்தில் சேமித்த டிஃப் படத்தைத் திறந்தால் குறுக்கே ஒரு வண்ணக்கோடு. டிசைனர் மேல் பழி போட்டார்கள், பிறகு ஹார்ட் டிஸ்க் மேல் போட்டார்கள். நான் மெம்டெஸ்ட் போட்டேன்.

கிறிஸ் பிராடி என்பவர் 1994-இல் எழுதிய மெம்டெஸ்ட்86-உம் அதன் வழிவந்த மெம்டெஸ்ட்86 பிளஸும் எங்கள் தொழிலுக்குச் செய்த உபகாரத்துக்கு அளவில்லை. விண்டோஸ் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே எழுந்து, ரேமின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி எழுதிப் படித்துப் பார்க்கும். இரவு ஓடவிட்டுக் காலையில் பார்ப்பேன். ஒரு சிவப்பு வரி இருந்தாலும் போதும், “ஒண்ணுதானே, பரவாயில்ல” என்று சொல்ல முடியாது. ஆனால் சிவப்பு வந்தவுடன் ரேமைக் குப்பையில் போடுவதும் தவறு. ஒவ்வொரு ரேமையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். தனித்தனியே சுத்தமாக ஓடி, சேர்ந்தால் மட்டும் தடுமாறினால் அது வேகத்தகராறு. எக்ஸ்.எம்.பி. என்கிற வேக அமைப்பை பயாஸில் அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த லேபிள் அச்சகத்தில் இருந்தது அசல் கெட்ட ரேம். தனியாக வைத்தாலும் சிவப்பு, எந்த ஸ்லாட்டிலும் சிவப்பு. வாரண்டி இருந்ததால் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

பிழை போலத் தோன்றிப் பிழையே இல்லாதவையும் உண்டு. பிராண்டட் கம்ப்யூட்டர் சில, ரேம் கூட்டியதும் மெமரி அளவு மாறியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். பயாஸுக்குள் போய்ச் சேமித்துவிட்டு வந்தால் மறுபடி கேட்காது. 32 பிட் எக்ஸ்.பி.யில் 4 ஜி.பி. போட்டுவிட்டு “மூணேகால்தான் காட்டுது, முக்கால் ஜி.பி.ய அமுக்கிட்டான்” என்று எத்தனை பேர் வந்தார்கள்! அந்த முக்கால் ஜி.பி.க்கான விலாச எண்களை கிராபிக்ஸ் கார்டு போன்றவை ஏற்கனவே பிடித்து வைத்திருக்கும் என்று விளக்குவேன். பாதிப்பேர் நம்ப மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் வேடிக்கை விண்டோஸ் 98. பழைய தமிழ் எழுத்துருவில் பேஜ்மேக்கர் ஃபைல்கள் மலைபோலச் சேர்ந்துவிட்டதால், எக்ஸ்.பி. வந்து ரொம்ப நாளாகியும் அதை விடாத கடைகள் இங்கே இருந்தன. ரேம் விலை இறங்கியதும் ஆசையாக 1 ஜி.பி. போட்டார்கள். விண்டோஸ் எழும்போது போதுமான மெமரி இல்லை என்று சொல்லி நின்றது. 128 எம்.பி.யில் ஓடிய கம்ப்யூட்டர் அதைப்போல எட்டு மடங்கு கொடுத்த பிறகு பற்றாக்குறை பாடுகிறது! விஷயம் என்னவென்றால், விண்டோஸ் 98 டிஸ்க் கேஷுக்கென்று இருக்கும் ரேமைப் பார்த்து இடம் ஒதுக்கும். ரேம் 512 எம்.பி.க்கு மேல் போனால் அந்தக் கேஷ் பெருத்து, மற்றவற்றுக்கு விலாச எண்ணே மிஞ்சாது. சிஸ்டம்.ஐ.என்.ஐ. ஃபைலில் விகேஷ் என்ற தலைப்பின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் என்று போட்டு, 512 எம்.பி.க்கு உட்பட்ட ஒரு எண்ணைக் கொடுத்தால் தீர்ந்தது. நோட்பேடில் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்ததற்குக் காசு கேட்டபோது முதலாளி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போதைய டி.டி.ஆர்.5 வேறொரு குணம் கொண்டு வந்திருக்கிறது. ரேம் மாட்டி முதல்முறை ஆன் செய்ததும் போர்டு அந்த ரேமோடு எந்த நேர இடைவெளியில் பேசுவது என்று தானே பழகிப் பார்க்கும், ட்ரெய்னிங் என்கிறார்கள். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பெரிய ரேம் என்றால் சில நிமிடங்கள்கூட ஆகும். பத்து நொடியில் டிஸ்ப்ளே வந்து பழகியவர்கள் பொறுக்க மாட்டாமல் பட்டனை அழுத்தி அணைக்கிறார்கள். மறுபடி ஆன், மறுபடி முதலிலிருந்து. இப்போது எனக்கு வரும் போன்களில் சிலவற்றைக் கடையை விட்டு எழாமலேயே தீர்த்துவிடுகிறேன். “கை வைக்காதீங்க. டீ குடிச்சிட்டு வந்து பாருங்க.”

அதே டி.டி.ஆர்.5-இல் நான்கு ஸ்லாட் இருப்பதைப் பார்த்து நான்கையும் நிரப்புவதும் நடக்கிறது. ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. சொல்லும் கணக்கில் இரண்டு ரேம் வரை 5200 வேகம், நான்கு போட்டால் 3600. ஏற்கனவே இரண்டை 6000-த்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர் அதே மாடலில் இன்னும் இரண்டு வாங்கிச் செருகினால் கம்ப்யூட்டர் எழ மறுக்கும், அல்லது எழுந்து விழும். சிமோஸைக் கிளியர் செய்து வேகத்தைக் குறைத்தால் ஓடும். ஆனால் வேகத்துக்காகக் கொடுத்த காசு வீண். நான்காகச் சேர்ப்பதற்குப் பதில் பெரிய இரண்டாக மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

போன ஆனியில் ஒரு அண்ணாச்சி கடையில் அப்படித்தான் மாற்றினேன். ஓடியது, முருகன் சட்டென்று திறந்தார். கழற்றிய இரண்டு ரேமையும் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி யோசித்தார்.

“இத பிளேட் செக்‌ஷன் மிஷின்ல போட்ரலாமா தம்பி?”

“அது டி.டி.ஆர். நாலு, அண்ணாச்சி.”

“கொஞ்சம் அழுத்திப் போட்டா?”